கடலுக்கு எதிரே பதினான்கு நீலம்

கடல் என்ன நிறம் என்று ஆரணிக்காரனைக் கேட்பதே தவறு. எங்கள் கமண்டல நாகநதியில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலே பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு கடலின் நிறத்தைச் சரிபார்த்து வர என்னை இலங்கைக்கு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நானே போகிறேன் என்று அடம் பிடித்தேன் என்பதுதான் சரி.

பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடமாக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் கலர் பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். யாரோ ஒரு பூவைக் கொண்டுவருவார், இன்னொருவர் கிழிந்த ரவிக்கைத் துண்டைக் கொண்டுவருவார். அதற்குச் சரியான நூலை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் தலையாட்டிய பிறகுதான் அண்டாவில் நூல் இறங்கும். நடுவயதில் ஒரு மனிதனுக்குக் கர்வம் வர இது போதும். எனக்கு வந்தது.

என் மனைவியின் தம்பி சாலமன் சாயப்பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்கு இலங்கையிலிருந்து ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் வந்தது. மணப்பெண்ணின் பெயர் ஜெனிற்றா. திருகோணமலைக்கு வடக்கே ஒரு மீன்பிடிக் கிராமம். "எங்கட கரையில வெள்ளாப்புக்குத் தெரியிற கடல் நிறம் வேணும்" என்று எழுதி, போனில் எடுத்த ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாள். வெள்ளாப்பு என்றால் விடியற்காலை வெளுப்பு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நான் நூல் எடுத்துக் கொடுத்தேன். ஒரு சாண் மாதிரி நெய்து அனுப்பினோம். "இது கடல் இல்லை, பாசி" என்று பதில் வந்தது. இரண்டாவது மாதிரி அனுப்பினோம். "இது சீமெந்து." மூன்றாவதற்கு, "இது பள்ளிக்கூட யூனிபோம்" என்று எழுதிவிட்டு, பாவம், பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். எங்கள் குளியலறை வாளி இடது கண்ணுக்கு ஏதோ நீலமாகத் தெரியும். வலது கண்ணுக்குத் துருப்பிடித்த டப்பா. டாக்டர் ஆபரேஷன் என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்து வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒன்றே முக்கால் வருடம் மறைத்தேன். கத்தியைக் கண்டு பயம் என்பது பாதிக் காரணம். கலர் பார்க்கிறவனுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் அவனை எதற்குக் கூப்பிடுவார்கள் என்பது மீதி.

ஆகவே ஒரு பந்தயம் கட்டிக்கொண்டேன். அந்தக் கடலை நேரில் பார்த்து, சரியான நூலை எடுத்துவிட்டால் கண் இன்னும் உயிரோடிருக்கிறது. எடுக்க முடியாவிட்டால் இனி யாரும் கூப்பிடாதீர்கள் என்று நானே சொல்லிவிடுவது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. அடுத்த வாரம் தறியில் பாவு நூல் ஏறியாக வேண்டும். சாலமன் பட்டறை அலமாரியிலிருந்து பதினான்கு நீல நூல்களைச் சின்னச் சின்னச் சிட்டமாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் அதன் அலமாரி நம்பரை எழுதிப் பையில் போட்டேன். கூடவே என் பழைய கேமராவையும். கேமராவுக்குப் புரை கிடையாது என்று அப்போது எனக்குப் பெரிய நம்பிக்கை.

*

கொழும்பு விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் பையைத் திறந்தார். பதினான்கு பட்டு நூல் சிட்டங்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். வியாபாரமா என்று கேட்டார். இல்லை, கடலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க என்றேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணியிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "இந்த மனுசன் கடலுக்குச் சாறி எடுக்க வந்திருக்கிறாராம்" என்றார். ஏறக்குறைய அதுதானே உண்மை என்று பையை மூடிக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஜெனிற்றாவின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பெயர் அருளப்பு. கரைவலைக்குச் சொந்தக்காரர், ஊரில் அவரைச் சம்மாட்டியார் என்பார்கள். "நான் ஆரணியிலருந்து வந்துகினு இருக்கேங்க. உங்க பொண்ணு மூணு வாட்டி கலர் வேணாம்னு சொல்லிட்டாங்க இல்லைங்களா, அதான் நேர்லயே வந்து அவங்களைப் பாத்துப் பேசிட்டுப் போலாம்னு" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து அருளப்பு ஒற்றைச் சொல்லாக, "வாங்கோ" என்றார். அந்த வாங்கோவில் வரவேற்பு இருந்ததாகத் தெரியவில்லை.

கண்டக்டரிடம் கடற்கரையில் இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். தோளில் கேமராவைப் பார்த்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நான் இறங்கிய கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் தடவிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் இப்படி அப்பளம்தான் காயும். அங்கே நின்று சிட்டங்களை வெளியே எடுத்ததும் நூல் விற்கிறவன் என்று நினைத்து ஒருவர் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினார். மறுபடி ஓர் ஆட்டோ பிடித்தேன். "ஜல்தியா போப்பா" என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "அது எந்தப் பக்கம் ஐயா?" என்று கேட்டார்.

அருளப்பு வீட்டு முற்றத்தில் நாற்காலிகள் போட்டு மூன்று ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அருளப்பு, இரண்டு பக்கமும் மச்சான்மார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு நாற்காலி எதிரே தனியாகப் போடப்பட்டிருந்தது.

"மாஸ்டர், பிள்ளைக்குப் பேசவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார் அருளப்பு.

"ஆமாங்க. அவங்களைப் பாத்துப் பேசிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அவள் பிடிக்காததைப் பிடிக்கேல்லை எண்டு சொன்னவள். அதுக்குப் பேச்சோ?"

"பேசாம எப்படிங்க?" என்றேன். ஒரு மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

உள்ளேயிருந்து ஜெனிற்றா ஓடி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சிறு பிள்ளைகளின் பாலர் பள்ளியில் ஆசிரியை. "அப்பா, அவையள் கதைக்கிறதைத்தான் பேசுறது எண்டு சொல்லுறவை. ஏச வரேல்லை. படங்களிலை பாக்கேல்லையோ?" என்றாள். அங்கே பேசுவது என்றால் திட்டுவதாம். நான் பஸ்ஸிலிருந்தே போன் போட்டு, கடல் தாண்டி உங்கள் பெண்ணைத் திட்ட வருகிறேன் என்று அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன். எழுந்த மச்சான் உட்கார மனமில்லாமல் எனக்குத் தேநீர் கொண்டுவரப் போனார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எனக்கு நடந்த உபசாரத்தைச் சொல்லி மாளாது. என்னைச் சண்டைக்காரனாக நினைத்ததற்கு நஷ்ட ஈடாகப் பிட்டு, மீன் சொதி, சம்பல், இன்னும் கொஞ்சம் பிட்டு.

*

மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் வலை போடுவதில்லை; எல்லாரும் கோயிலுக்குப் போவார்கள். கோயில் என்று அவர்கள் சொல்வது மாதா கோயிலை. விடியும் முன் நான் மட்டும் கடற்கரைக்குப் போனேன்.

இத்தனை அமைதியான கடற்கரையை நான் பார்த்ததில்லை. கவிழ்த்து வைத்த வள்ளங்கள். அவற்றின் ஓரத்தில் நாய்கள். ஓலைக் கொட்டகை ஒன்று. அதை வாடி என்கிறார்கள். "வாடிக்கு வாங்கோ" என்று முந்தின நாள் அருளப்பு என்னைக் கூப்பிட்டபோது, மரியாதையில்லாமல் தொடங்கி மரியாதையில் முடிகிறாரே என்று விழித்தேன். மணலில் வலைக் கயிறு நீளமாகக் கிடந்தது. அதைத் தாண்ட எனக்குக் கால் எழவில்லை. எங்கள் தெருவில் காலையில் பாவு விரித்திருந்தால் சைக்கிளில் வருகிறவன்கூட இறங்கி அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போவான். நீட்டிக் கட்டிய நூலைத் தாண்டக் கூடாது என்று உடம்பில் ஊறிவிட்டது. கயிற்றின் நுனி வரை நடந்து, சுற்றிக்கொண்டு, மறுபக்கம் திரும்பி வந்தேன். நாய்கள் எழுந்து பார்த்தன.

இரண்டு கம்புகளை மணலில் நட்டுக் கொடி கட்டி, பதினான்கு சிட்டங்களையும் வரிசையாகத் தொங்கவிட்டேன். பின்னால் கடல், முன்னால் நூல், இந்தப் பக்கம் நான். வானம் வெளுக்க ஆரம்பித்தது. எடுத்தேன், எடுத்தேன், நூற்றுப் பத்துப் படம் எடுத்தேன். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு அம்மா நின்று பார்த்தார். "மாஸ்டர், நூல் காயப் போட்டிருக்கிறீங்களோ? இண்டைக்கு மழை வரும், உள்ளுக்கு எடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாடி நிழலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்திலும் கடல் வேறு மாதிரி இருந்தது. ஐந்து நிமிட இடைவெளியில் எடுத்தவை ஐந்து ஊர்க் கடல் போலத் தெரிந்தன. எந்த நம்பர் நூல் எந்தக் கடலோடு சேர்கிறது என்று தேடினேன். ஒன்றோடும் சேரவில்லை, அல்லது எல்லாவற்றோடும் சேர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. படம் எடுத்தது கேமரா, சரி. எடுத்த படத்தைப் பார்ப்பது யார்? அதே கண். இதைக் கண்டுபிடிக்க நான் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டேன்.

மத்தியானம் சிவப்புச் சோறு போட்டார்கள். ஆரணிக்காரன் எதில் தோற்றாலும் அரிசியில் தோற்க மாட்டான் என்று இருந்தேன். "உங்கட ஊர் அரிசி பெரிய பேர் எண்டு சொல்லுவினம், எப்பிடி எங்கட சோறு?" என்று கேட்டார் அருளப்பு. தட்டில் இருந்த மீன் குழம்பை உத்தேசித்து, தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். அவர் மனைவி மறுபடி சோறு போட்டார். மழையும் வந்தது.

*

திங்கட்கிழமை கரை வேறு ஊராக இருந்தது. இருட்டிலேயே வள்ளம் வலையை வளைத்து விட்டுவந்திருந்தது. இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர், பாட்டோடு இழுத்தார்கள். நான் என் கொடியைக் கட்டிச் சிட்டங்களைத் தொங்கவிட்டேன். இழுத்து ஓய்ந்து மாறி வருகிறவர்கள் எல்லாம் என் கடைக்கு வந்தார்கள்.

"மூண்டுதான்" என்றார் ஒருவர்.

"உனக்குக் கடல் தெரியாது. ஒன்பது."

"ஒன்பது நேற்றைக்கு. இண்டைக்கு ஏழு."

முப்பது வருடம் ஒரு நூலைத் தூக்கிக் காட்டினால் எதிர்ப்பேச்சு கேட்காத மனிதன் நான். இங்கே ஈர லுங்கியோடு நின்று ஆளாளுக்கு நீலம் சொன்னார்கள். ஜெனிற்றா பாலர் பள்ளிக்குப் போகிற உடையிலேயே வந்தாள். ஏழாம் நம்பரைக் கையில் எடுத்துக் கடலுக்கு நேரே பிடித்தாள். "கிட்டத்தட்ட இதுதான். ஆனா இது மட்டுமில்லை" என்றாள். பிறகு பன்னிரண்டாம் நம்பரைப் பார்த்தாள். சார் என்பது அவள் வாயில் சேர்.

"இதை ஏன் கொண்டுவந்தனீங்கள் சேர்?"

"நீலம்தானேம்மா. சாம்பல் நீலம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வலது கண்ணை மூடி இடது கண்ணால் பன்னிரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். கையும் களவுமாகப் பிடிபட்டேன். அவள் குரல் மாறியது. நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பேசுகிற குரல். தன் துணிப்பையைக் காட்டி, "இது என்ன நிறம் சேர்?" என்றாள்.

"பச்சை."

"இது?" என்று வள்ளத்தைக் காட்டினாள்.

"அதுவும் பச்சைதான். கொஞ்சம் கறுத்த பச்சை."

யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வள்ளம் நீலம் சேர்" என்றாள் மெதுவாக. "பன்னிரண்டு நீலமில்லை. கத்தரிப்பூ."

வீட்டில் சொல்ல வராத வார்த்தை அந்நியர் முன்னால் தானாக வந்துவிட்டது. "ரெண்டு கண்ணும் சரியில்லம்மா. புரை. வீட்ல யாருக்கும் தெரியாது. ஆபரேஷன்னா பயம். அதைவிட, இந்த வேலை போயிடும்னு பயம்." சொல்லி முடித்ததும் அந்தப் பச்சை அல்லது நீல வள்ளத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.

அருளப்பு கயிற்றை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் கண் வெட்டினது மாஸ்டர், போன வருசம். வெட்டிப்போட்டு மூண்டாம் நாள் கரைக்கு வந்தன். வந்து நிண்டு மனுசிக்குப் பேசினனான். ஆரைக் கேட்டு வள்ளத்துக்குப் புதுப் பெயின்ற் அடிச்சனீங்கள் எண்டு. அவ சிரிச்சா. ஆறு வருசத்துக்கு முந்தி நானே அடிச்ச பெயின்ற் அது." அவர் வள்ளத்தைத் தட்டினார். "அதுவரைக்கும் நானும் இதைப் பச்சை எண்டுதான் நினைச்சன்."

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது; அதற்குப் புரையைக் குறை சொல்ல முடியாது.

ஜெனிற்றா இரண்டு சிட்டங்களையும் இன்னும் கையில் வைத்திருந்தாள். அருளப்பு எட்டி வாங்கினார். ஏழையும் பன்னிரண்டையும் சேர்த்துத் தொடையில் வைத்து, கயிறு திரிக்கிற மாதிரி உள்ளங்கையால் ஒரு உருட்டு உருட்டினார். பட்டை யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. திரித்ததைக் கடலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

எனக்கு அது அழுக்குக் கயிறு மாதிரித் தெரிந்தது. இடது கண்ணுக்குக் கொஞ்சம் பரவாயில்லாத அழுக்குக் கயிறு. நூலைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன். மூன்று என்றவர், ஒன்பது என்றவர், எல்லாரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஜெனிற்றா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, வெள்ளாப்பு" என்றாள்.

ஒரே நிறத்தைத் தேடித்தான் மூன்று மாதிரியிலும் தோற்றிருக்கிறோம். நீளவாட்டில் ஓடும் பாவுக்கு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடைக்கு இன்னொரு நிறம். மயில் கழுத்து நிறத்தை ஆரணியில் சின்னப் பையன்கூட அப்படித்தான் நெய்வான். அது எனக்குத் தோன்றவில்லை. கத்தரிப்பூ நிறத்தை நீலம் என்று நினைத்துப் பையில் போட்ட தவறு மட்டும் என்னுடையது.

அப்போது மீன் நிறைந்த வலையின் மடி கரைக்கு வந்துவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து சாலமனுக்குப் போன் செய்தேன்.

"இன்னா மாமா, ஜல்தி சொல்லுங்க. அண்டா கொதிச்சிகினு கீது."

"பாவு ஏழாம் நம்பர். ஊடை பன்னெண்டு."

"பன்னெண்டா? மாமா, அது ப்ளூவே இல்ல. நீங்க பையில போடறப்பவே பாத்தேன். சொன்னா கோச்சிக்குவீங்கன்னு உட்டுட்டேன்."

"தெரியும்."

"யோசிச்சி சொல்லுங்க மாமா. நூலை எறக்கிட்டா அப்புறம் பேஜாராயிடும். ரெண்டையும் சேத்து வெச்சி நல்லா பாத்துட்டீங்க இல்ல?"

பார்த்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கலர் சரியாகத்தான் வரும். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். தூரத்தில் மீனைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல சாலமா" என்றேன். "இது நான் பாக்காத கலரு. என் கண்ணுக்கு அது தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

சாலமன் யாரிடமோ அடுப்பைத் தணிக்கச் சொல்வது கேட்டது.

"மாமா?"

"கட்டிக்கப் போற பொண்ணு பாத்துட்டா. எறக்கு."